காய் வெந்த தண்ணி

மரிய செல்வியின் அடுப்படியிலிருந்து எதுவும் குப்பைக்குப் போனதில்லை. பீர்க்கங்காய்த் தோல் துவையலாகும். கொத்தமல்லிக் காம்பு ரசத்தில் விழும். அரிசி களைந்த இரண்டாம் தண்ணீரில் புளி ஊறும். பருப்பு வெந்த தண்ணீரைக் கீழே ஊற்றுகிற பெண்பிள்ளையைக் கண்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். "தண்ணியிலதான்டி சத்து பூரா எறங்கிக் கெடக்கு. சாறைக் கொட்டிப்புட்டு சக்கையத் திங்கிறவள இப்பத்தான் பாக்குறேன்" என்று குழாயடியில் வைத்தே வைவாள். யாரும் கோபித்துக்கொள்வதில்லை. ஆவூருக்கு மேற்கே இருக்கிற அந்தச் சின்ன ஊரில் பாதிப் பேர் பள்ளிக்கூடச் சத்துணவில் அவள் ஆக்கிப்போட்டு வளர்ந்தவர்கள்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் ஊர் அவளை விடவில்லை. குழம்பில் உப்புக் கூடிப் போனாலும் தோசை கல்லில் ஒட்டினாலும் செல்வியக்காவிடம்தான் ஓடி வருவார்கள். சோற்றை உருட்டித் துணியில் முடிந்து குழம்புக்குள் போடு, உப்பை இழுத்துக்கொள்ளும். பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுக் கல்லைத் தேய். வெண்டைக்காய் வழவழவென்று வந்தால் ஒரு கரண்டி மோர் தெளி. சொல்லிவிட்டு, "இதக்கூட ஒங்காத்தா சொல்லிக் குடுக்கலையாடி?" என்று ஒரு குத்தும் குத்தி அனுப்புவாள். அந்தக் குத்தையும் வாங்கிக்கொண்டு சிரித்தபடி போவார்கள்.

அப்படிப்பட்டவள் வீட்டில்தான் ஆண்டவர் கை வைத்தார். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்த ஒரே மகன் ராபின், முகமும் காலும் வீங்கி ஊர் திரும்பினான். ரத்தக் கொதிப்பு இருந்தது அவனுக்கே தெரிந்திருக்கவில்லை. திருச்சியில் பார்த்துவிட்டு இரண்டு கிட்னியும் போய்விட்டது என்றார்கள். "என்னோடத எடுத்துக்கங்க" என்று செல்வி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் போய் நின்றாள். அவளுக்குச் சர்க்கரை இருக்கிறது, வேண்டாம் என்றுவிட்டார்கள். மருமகள் டயானாவுடையது பொருந்தவில்லை. மாற்றுக் கிட்னிக்கு அரசாங்கத்தில் பேரைப் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். அதுவரை செவ்வாயும் வெள்ளியும் புதுக்கோட்டைக்குப் போய் டயாலிசிஸ். செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் நடுவில் ஆளை உயிரோடு வைத்திருப்பது சாப்பாடுதான் என்று திருச்சி ஆஸ்பத்திரியில் பத்தியம் சொல்கிற டயட்டீஷியன் அம்மா உட்கார வைத்துச் சொன்னார்.

"எந்தக் காயா இருந்தாலும் தோல் சீவிப் பொடியா நறுக்கி வெந்நீர்ல ஊறப் போடுங்க. அந்தத் தண்ணியக் கொட்டிடுங்க. அப்புறம் நெறையத் தண்ணி வச்சு வேக வைங்க. அதையும் கொட்டிடுங்க. வெறும் காய மட்டும் எடுத்துத் தாளிங்க."

செல்வி கேட்டுக்கொண்டே இருந்தாள். யாரோ தெரியாத பாஷையில் பேசுவது போல இருந்தது. "ரெண்டு தடவ கொட்டிட்டா, பெறகு காய்ல என்னங்கம்மா இருக்கும்?"

"இருக்கக் கூடாதுன்னுதாம்மா கொட்டச் சொல்றது. காய்ல, கீரைல, பழத்துல எல்லாம் பொட்டாசியம்னு ஒண்ணு இருக்கு. நமக்குக் கிட்னி அத வெளிய தள்ளிடும். உங்க பையனுக்குத் தள்ளாது. ரத்தத்துல ஏறிக்கிட்டே போயி ஒருநாள் இருதயத்த நிறுத்திடும்."

"நாக்குல வச்சுப் பாத்தாத் தெரியுங்களா?"

"தெரியாதும்மா."

செல்விக்கு இடித்தது அங்கேதான். உப்பைக் குறை என்றார்கள், குறைத்தாள். தண்ணீரை அளந்து கொடு என்றார்கள், டயானா காலையில் ஒரு பாட்டிலில் ஊற்றி வைத்துவிட்டுப் போவதை அவள் தாண்டவில்லை. கீரை, இளநீர், வாழைப்பழம், முருங்கை என்று அவளுக்குத் தெரிந்த தெம்பெல்லாம் விலக்கு என்றார்கள், மனசைக் கல்லாக்கிக்கொண்டு விலக்கினாள். ஆனால் நாக்குக்கே தெரியாத ஒன்று சோற்றுக்குள் ஒளிந்திருந்து ஆளைக் கொல்லும் என்பதை அவளால் நம்ப முடியவில்லை. ஒரு பள்ளிக்கூடத்துக்கே பொங்கிப் போட்ட நாக்கு அது. அண்டாவில் ஒரு சொட்டை எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கினாலே புளி எவ்வளவு, உப்பு எவ்வளவு, பருப்பு பழசா புதுசா என்று சொல்லிவிடும். அந்த நாக்கை இதுவரை எந்தக் குழம்பும் ஏமாற்றியதில்லை.

கொட்டத்தான் செய்தாள். ஆனால் தரையில் கொட்டக் கை வரவில்லை. கொல்லையில் ஒரு கருப்புக் கிடா கட்டிக் கிடந்தது. மகனுக்கு முடியாமல் போனதும், பிழைத்தெழுந்தால் ஈஸ்டர் திருநாள் முடிந்து கிடா வெட்டி ஊருக்குச் சோறு போடுகிறேன் என்று பெரியநாயகி மாதாவுக்கு நேர்ந்து, எலும்பும் தோலுமாக வாங்கி விட்ட குட்டி அது. காய் ஊறிய தண்ணீரும் வெந்த தண்ணீரும் அதன் வாளிக்குப் போயின. கேரட்டு வெந்த தண்ணி, பீன்ஸ் வெந்த தண்ணி, உருளைக்கிழங்குத் தண்ணி, சோறு வடித்த கஞ்சி எல்லாம் அதற்குத்தான். உள்ளே மகன் சக்கையைத் தின்றான். வெளியே கிடா சாறைக் குடித்தது.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் பிறந்து வெயில் ஏறியபோது ராபினுக்குச் சட்டை தோளில் நிற்கவில்லை. கிடாவுக்கோ கழுத்துக் கயிற்றைத் தளர்த்திக் கட்ட வேண்டியதாயிற்று.

"கிடா என்னமா மினுமினுங்குது, செல்வியக்கா!" என்று பக்கத்து வீட்டுச் சிவரஞ்சனி வேலிக்கு அங்கிட்டு நின்று கேட்டாள். "என்னத்தப் போடுறீங்க?"

"என்னத்தப் போடுறேன்... தம்பிக்கு வேக வைக்கிற காய்த் தண்ணிதான்."

"அம்புட்டுச் சத்தா அதுல!" என்று சொல்லிவிட்டு அவள் துணியை உதறிக் காயப்போட்டாள். சொன்னவள் அத்தோடு மறந்தும் போனாள். செல்வி அப்படியே நின்றுவிட்டாள். கிடாவின் முதுகில் கையை வைத்துப் பார்த்தாள். எலும்பு தட்டுப்படவில்லை. முந்தினநாள் மகனுக்கு முதுகு தேய்த்துவிட்டபோது ஒவ்வொரு எலும்பும் தனித்தனியாக விரலுக்கு வந்தது.

அன்று மத்தியானம் கோஸும் கேரட்டும் வேகவைத்துப் பிழிந்து, கடுகு தாளித்து, வடித்த சோற்றோடு கொண்டுபோய் வைத்தாள். முன் அறையில் ஃபேனுக்குக் கீழே கயிற்றுக் கட்டிலில் ராபின் படுத்திருந்தான். தகரக் கூரை, வெயில் மேலேயிருந்து இறங்கிக் கட்டில் வரைக்கும் வந்துவிட்டது. எழுந்து உட்கார்ந்து இரண்டு வாய் தின்றான். மூன்றாவது வாயைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான்.

"தின்னுய்யா."

"வாய்க்குள்ள போயி அப்பிடியே நிக்குதும்மா. முழுங்க முடியல."

"தண்ணி தொட்டுக்க."

"தண்ணி சாயந்தரத்துக்கு வேணும்." பாட்டிலைப் பார்த்தான். கால்வாசிதான் இருந்தது. "கிடா தின்னுருச்சா?"

"அதுக்கென்ன, பசிச்சாக் கத்தும்."

"எனக்கும் அதுக்கும் பந்தயம்மா. யாரு பிந்திப் போறதுன்னு." சொல்லிவிட்டுச் சிரித்தான். "அதுதான் ஜெயிக்கும் போல. நல்லாத் தின்னு தேறிக்கிருச்சு."

"வாயக் கழுவுடா!" என்று கத்தினாள் செல்வி. "மாதாவுக்கு நேந்தத வச்சு இப்பிடியாப் பேசுவ?"

அவன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். பிறகு சுவரிடம் சொல்வது போலச் சொன்னான். "ஒரு தம்ளர் ரசம் குடும்மா. சத்துணவுல வைப்பியே, பருப்புத் தண்ணி ரசம். அது ஒரு வாய் குடிச்சாப் போதும்."

செல்வி தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்து, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். ஊர்ப் பிள்ளைகளெல்லாம் இரண்டாம் தடவை கேட்டு வாங்கித் தின்ற கை இது. பெற்ற பிள்ளை ஒரு தம்ளர் ரசத்துக்குக் கெஞ்சுகிறான். கிட்னியைத்தான் வேண்டாம் என்றார்கள், கைச் சோறுமா வேண்டாம் என்று அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அந்த வாரம் சனிக்கிழமை வந்தது. டயானாவை அவள் வேலை பார்க்கிற விராலிமலைக் கம்பெனியின் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போயிற்று. செல்வி கேரட்டை வேகவைத்து வடித்தாள். வாளிக்குப் போகவேண்டிய தண்ணீர் சட்டியில் ஆவி பறக்க நின்றது. ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கினாள். இனித்தது. இன்னொரு சொட்டு. தேன் மாதிரி இல்லாவிட்டாலும், மழைத் தண்ணி மாதிரி ஓர் இனிப்பு. இதுவா என் பிள்ளையின் இருதயத்தை நிறுத்தப்போகிறது? பட்டணத்தில் மருந்தடித்த காயைத் தின்கிறவர்களுக்குச் சொல்கிற பேச்சை நமக்கும் சொல்லிவிட்டார்கள் என்று நினைத்தாள். கொல்லையில் கிடா தன் தண்ணீருக்காகக் கத்தியது. "போதும்டா ஒனக்கு" என்று சொல்லிவிட்டு மிளகையும் சீரகத்தையும் எடுத்து அம்மியில் வைத்தாள்.

அவளைக் குறை சொல்ல வருகிறவர்கள் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். உப்பை அவள் கூட்டவில்லை. டாக்டர் சொன்ன சிட்டிகைதான். புளியைக்கூடக் கொட்டைப்பாக்கு அளவில் பாதிதான் கரைத்தாள். நஞ்சென்று அவளுக்குத் தெரிந்ததையெல்லாம் விலக்கிவிட்டு, அமுதம் என்று தெரிந்ததை மட்டும் சேர்த்தாள்.

பூண்டைத் தோலோடு நசுக்கிப் போட்டாள். ரசம் கொதிக்கக் கூடாது, நுரை கட்டி வரும்போது இறக்கிவிட வேண்டும். ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தது இதுதான். நுரை கட்டியது. கறிவேப்பிலையைக் கிள்ளிப் போட்டு மூடினாள். மூடியைத் திறந்ததும் அந்த வாசம் முன் அறைக்குப் போயிற்று. அவள் கொண்டுபோவதற்குள் ராபின் தானாகவே எழுந்து உட்கார்ந்திருந்தான்.

ஒரு வாய் குடித்துவிட்டுத் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினான். நெற்றியில் வேர்வை அரும்பியது. மிச்சத்தைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்து, தட்டை வழித்துத் தின்றான். செல்வி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அவன் தொண்டை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனையோ மாதம் கழித்து அவளுக்கும் அன்று பசித்தது.

ஞாயிறு டயானா வீட்டில் இருந்தாள். அவள் ஆக்கியதை ராபின் கிண்டிவிட்டு எழுந்துகொண்டான். அம்மாவைப் பார்த்தான், அம்மாவும் பார்த்தாள். ரசத்தைப் பற்றி இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை.

திங்கட்கிழமை செல்வி இன்னும் துணிந்தாள். உருளைக்கிழங்கும் கேரட்டும் வேகவைத்த தண்ணீரைச் சுண்டக் காய்ச்சினாள். துவரம் பருப்பு வெந்த தண்ணீரையும் அதோடு ஊற்றினாள். ஒரு தக்காளியை நசுக்கிவிட்டாள். ராபின் ஒரு தம்ளர் குடித்தான். தம்ளரை நீட்டி, "இன்னொண்ணு ஊத்தும்மா" என்றான்.

"தண்ணிக் கணக்கு இடிக்குமேய்யா."

"பாட்டில் தண்ணிய நான் குடிக்கல. ஊத்து."

அவள் ஊற்றினாள். சந்தோஷமாக ஊற்றினாள்.

வெயில் தாழ்கிற நேரத்தில், கொல்லைக்குப் போக எழுந்தவன் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டான். "காலு மரத்துப் போச்சும்மா" என்றான். செல்வி உட்கார்ந்து காலைத் தேய்த்தாள். கொஞ்ச நேரத்தில் தொடை தூக்க வரவில்லை. "நெஞ்சுக்குள்ள என்னமோ நின்னு நின்னு போகுது" என்றான். உதடு வெளுத்துவிட்டது. அந்த நேரத்துக்குத்தான் கம்பெனி வேனிலிருந்து டயானா இறங்கி வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றாமலே உள்ளே ஓடி வந்தாள். சிவரஞ்சனி ஓடிப்போய், ஊரில் வாடகைக்கு ஓட்டுகிற பழனிச்சாமியின் காரைக் கூட்டி வந்தாள்.

புதுக்கோட்டைக்குப் பறந்த காரின் பின்சீட்டில் ராபினின் தலை டயானா மடியிலும் கால் செல்வி மடியிலும் கிடந்தன. பழனிச்சாமி ஆரனை அமுக்கியபடியே ஓட்டினார். இலுப்பூர் தாண்டியதும் டயானா கேட்டாள்.

"அத்தை, மத்தியானம் என்ன குடுத்தீங்க?"

"எப்பவும் போலத்தான் ஆத்தா."

"எப்பவும் போலன்னா?"

"காயும் சோறுந்தான்."

"தண்ணியக் கொட்டுனீங்களா?"

செல்வி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "கொட்டுனேன்" என்றாள். சொன்ன உடனே தன் நாக்கு தனக்கே கசந்தது. டயானா நம்பிவிட்டாள். ராபினின் நெஞ்சில் கையை வைத்து, அது அடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தாள்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சுக்கு ஒயரை ஒட்டிப் படம் எடுத்துப் பார்த்ததும் நர்சுகள் ஓடத் தொடங்கினார்கள். சின்ன வயசு டாக்டர் ஒருவர் வெளியே வந்தார். "பொட்டாசியம் ரொம்ப ஏறியிருக்கு. ஊசி போட்டிருக்கு, உடனே டயாலிசிஸ்ல போடுறோம். என்ன சாப்பிட்டாரு? இளநீர் ஏதும் குடிச்சாரா?"

"இல்ல டாக்டர், எங்க அத்தை எல்லாத்தையும் வடிச்சுத்தான் குடுப்பாங்க" என்றாள் டயானா.

அந்த வார்த்தையைத்தான் செல்வியால் தாங்க முடியவில்லை. "ரசம் வச்சுக் குடுத்தேன் சாமி" என்றாள். "காய் வெந்த தண்ணியில. சனிக்கெழம குடுத்தேன். இன்னைக்கும் குடுத்தேன். ரெண்டு தம்ளர்."

டாக்டர் எதுவும் வையவில்லை. தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். டயானா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏன் அத்தை?"

"கிடா தேறுச்சு ஆத்தா." அதற்குமேல் சொல்லத் தெரியவில்லை அவளுக்கு. "அதே தண்ணியக் குடிச்சுத்தான் கிடா தேறுச்சு. எம்புள்ள மெலிஞ்சுக்கிட்டே போனான்."

"கிடாவுக்குக் கிட்னி இருக்கு அத்தை!" என்று டயானா கத்தினாள். வராந்தாவில் படுத்திருந்தவர்கள் எல்லாம் எழுந்து பார்த்தார்கள். அவள் சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்து, கம்பெனி அடையாள அட்டையை வாயில் கடித்துக்கொண்டு அழுதாள். செல்வி பக்கத்தில் போக நினைத்தாள். போகவில்லை. மாதாவே, அவனைக் கொடுத்துவிட்டு என்னை எடுத்துக்கொள் என்று நின்ற இடத்திலேயே நின்று கேட்டாள். அதைத் தவிர வேறு எதுவும் அவள் மனசில் இல்லை.

அவன் பிழைத்துக்கொண்டான். சில நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் டயானா சொன்ன முதல் பேச்சு, "அடுப்படிப் பக்கம் இனிமே நீங்க வர வேணாம் அத்தை" என்பது. குரலை உயர்த்தவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

செல்வி கொல்லையில் கிடாவோடு உட்கார்ந்திருந்தாள். உள்ளே டயானா காய் நறுக்குகிற சத்தம் கேட்டது. தடிமன் தடிமனாக நறுக்குகிறாள், அப்படி நறுக்கினால் உள்ளே இருப்பது இறங்காது என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். சொல்லுகிற தகுதி போய்விட்டது. உப்புக் கூடிவிட்டது என்று கேட்டு வந்த ஒரு புள்ளையைக்கூட, "எனக்குத் தெரியாதுத்தா, வேற யாரையாச்சும் கேளு" என்று திருப்பி அனுப்பினாள். செத்துப்போனால் தேவலை என்று இருந்தது. ஆனால் அதற்கும் இது நேரமில்லை.

கம்பெனியில் லீவு முடிந்தது. டயானா விடிவதற்குள் எழுந்து ஆக்கி மூடி வைத்தாள். "தட்டுல போட்டுக் குடுத்தாப் போதும் அத்தை. வேற எதுவும் வேணாம்" என்று சொல்லிவிட்டு வேனேறினாள்.

மத்தியானம் செல்வி சோறும் பீன்ஸும் போட்டுக் கொண்டுபோய்க் கட்டிலில் வைத்துவிட்டுக் கீழே உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து அவனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"என்னய மன்னிச்சிருய்யா" என்றாள் தரையைப் பார்த்துக்கொண்டு. "ஒனக்குத் தெரியாம அந்தத் தண்ணிய ஊத்திட்டேன். தெம்பு வரும்னு ஊத்துனேன்."

ராபின் சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தான். "எனக்குத் தெரியும்மா."

"இப்பத் தெரியும். அப்பத் தெரியாதே."

"அப்பவே தெரியும். மொத வாயிலயே கேரட்டு இனிப்பு வந்துச்சு. ஒன் நாக்குதானம்மா எனக்கும்?"

செல்வி நிமிர்ந்து பார்த்தாள். "தெரிஞ்சா, பெறகு ஏன்டா குடிச்ச?"

"நல்லா இருந்துச்சு."

"அந்த ரெண்டாவது தம்ளரு?"

மேலே ஃபேன் கடகடத்துக்கொண்டு சுற்றியது. "எப்பிடியும் போறதுதான்னு இருந்துச்சும்மா. பைப்பும் ஊசியும் வச்சுக்கிட்டுப் போறதுக்கு, ஒன் ரசத்தக் குடிச்சுட்டுப் போயிரலாம்னு தோணுச்சு. அவ்வளவுதான்." பிறகு, அவளைச் சமாதானப்படுத்துவது போலச் சொன்னான். "நெசமாவே ரசம் ரொம்ப நல்லா இருந்துச்சும்மா."

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் காலமெல்லாம் அடுப்பில் வெந்தாள். அதைக் கேட்டு முதல் தடவையாக அவள் பயந்துபோனாள். தான் ஊற்றியதைவிட அவன் கேட்டு வாங்கியதுதான் பெரிய நஞ்சு என்று புரிந்தது. அந்த நஞ்சை எந்த மெஷினில் போட்டு எடுப்பது? கையை ஓங்கினாள். அடிக்க முடியவில்லை. ஓங்கிய கையை அவன் தட்டிலேயே விட்டு, ஒரு பிடி சோற்றையும் பீன்ஸையும் எடுத்துத் தன் வாயில் போட்டாள்.

ஊரில் எந்தச் சட்டியானாலும் ருசி பார்க்காமல் இறக்காதவள், மகனுக்கு ஆக்கியதை மட்டும் இந்த எட்டு மாதமாக ஒரு தடவைகூட வாயில் வைத்துப் பார்த்ததில்லை. உப்பில்லாததில் ருசி பார்க்க என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டாள். இப்போது அது அவள் வாய்க்குள் போய் அப்படியே நின்றது. துணியை மென்றது போல இருந்தது. விழுங்க முடியவில்லை. விழுங்கினாள்.

"இதத்தான் தின்னுக்கிட்டு இருந்தியாய்யா?" என்றாள். "இத்தன நாளும் இதையா?"

ராபின் தலையாட்டினான். அவன் கண்ணிலும் தண்ணீர் நின்றது.

சாயந்தரம் டயானா வந்ததும் செல்வி வாசலிலேயே அவள் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். அவன் தெரிந்தே குடித்ததையும் சொன்னாள். டயானா சுவரில் சாய்ந்தபடி கேட்டாள். "அடுப்ப எனக்குக் குடு ஆத்தா" என்றாள் செல்வி. "தண்ணியக் கொட்டிப்புட்டு அந்தச் சக்கைய வச்சு நான் ஆக்குறேன். அதுல ருசி வருதா இல்லையான்னு பாத்துர்றேன். அத அவன் திங்கலேன்னா அவன் நமக்குத் தங்க மாட்டான்."

"உங்கள எப்பிடி நம்புறது அத்தை?"

"என்னய நம்பாத. நானே என்னய நம்பல. கொட்டறப்ப அவன வந்து நின்னு பாக்கச் சொல்லுறேன்."

டயானா சரி என்று தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலில் நம்பிக்கை ஒன்றும் இல்லை, வேறு வழி இல்லாததுதான் இருந்தது.

மறுநாள் செல்வி பீன்ஸைப் பொடிப்பொடியாக நறுக்கி ஊறவைத்தாள். சட்டி நிறையத் தண்ணீர் வைத்து வேகவிட்டாள். மல்லி விதையையும் மிளகையும் வெறும் சட்டியில் வாசம் வர வறுத்து நுணுக்கினாள். பூண்டை எண்ணெயில் பொன்னிறமாகப் பொரித்து வைத்தாள். எலுமிச்சம்பழத்தை வெட்டி, கடைசியில் சில சொட்டு மட்டும் விட ஓரமாக வைத்தாள். ஒரு கரண்டி பீன்ஸை மட்டும் அள்ளி அதோடெல்லாம் பிசறி ருசி பார்த்தாள். ரசத்துக்குப் பக்கத்தில் நிற்காது. ஆனால் துணியாகவும் இல்லை.

பிறகு அடுப்பை அணைத்துவிட்டு, "தம்பி, இங்கிட்டு வா" என்று கூப்பிட்டாள்.

"எதுக்கும்மா? எந்திரிக்க முடியல."

"முடியலேன்னாலும் வா. நீ வராம நான் இதக் கொட்ட மாட்டேன்."

கட்டில் கிரீச்சிட்டது. சுவரைப் பிடித்துப் பிடித்து அவன் வருகிற சத்தம் கேட்டது. கொல்லை வாசலில் வந்து நிலையில் சாய்ந்து நின்றான். மூச்சு வாங்கியது. அவன் கண் முன்னால் செல்வி சட்டியைச் சாய்த்து, பச்சை இறங்கிய அந்தத் தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் வாளியில் ஊற்றினாள். கிடா கயிற்றை இழுத்துக்கொண்டு வந்து வாளிக்குள் முகத்தை விட்டது. இரண்டு பேரும் அது ஆவியை ஊதி ஊதிக் குடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"நாளைக்கும் நீதான் வந்து நிக்கணும்" என்றாள்.

ராபின் கிடாவைப் பார்த்தான். காலிச் சட்டியைப் பிடித்திருந்த அம்மாவின் கையைப் பார்த்தான். செல்வி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வாரேன்மா" என்றான்.